மூன்று விரற்கடைச் சுருள்

1

சனிக்கிழமை காலை பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேல்மாடிக் குளியலறையிலிருந்து அந்த மணம் இறங்கி வந்தது. கூழ்முட்டையையும் சுவருக்கு அடிக்கிற பெயின்டையும் ஒன்றாகக் கலக்கினால் எப்படி இருக்குமோ அப்படியொரு மணம். வெங்காயத்தைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

"தாரணி! போன மாதம்தானே போட்டனீ?"

"தெரியுது அம்மா" என்றாள் உள்ளேயிருந்து. பிறகு குழாயைத் திறந்துவிட்டாள். அதற்கு மேல் நான் என்ன கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. எனக்குத் தெரியும், அதற்காகத்தான் திறந்தாள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் மகளுக்குப் பதினேழு வயது. அவளுடைய தகப்பன் நெவில் ஜமேக்காவில் பிறந்தவர். இங்கே வால்தம்ஸ்டோவில் பஸ் ஓட்டினார். அவருடைய தலைமயிர் பேனாவுக்குள் இருக்கிற கம்பிச்சுருளைப்போல இறுகிச் சுருண்டது. தாரணிக்கும் அதே தலைதான். ரிலாக்சர் என்று ஒரு வெள்ளைப் பசை டப்பாவில் விற்கிறார்கள். அதைப் பூசிக் கழுவினால் சுருள் செத்து மயிர் நேராகிவிடும். ஆனால் தோலுக்குள் இருக்கிற வேரை அந்தப் பசையால் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக முளைப்பது பழையபடி சுருளாகவே முளைக்கும். கீழே நேர், மேலே சுருள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் சிக்கு விழும். மயிர் முறிவதும் அங்கேதான். அடிக்கடி பூசினாலோ தலைத்தோல் வெந்துபோகும். அதனால் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் முடிந்தவரை நாளைத் தள்ள வேண்டும், தள்ளுகிற காலமெல்லாம் அந்தப் புது முளையை நோகாமல் சிக்கெடுக்க வேண்டும். இந்த ஊரில் நான் ஒழுங்காகப் பழகிய ஒரே வேலை அதுதான். இப்போது அதைச் செய்ய எனக்கு ஒரு தலை இல்லை.

"தெரியுது" என்று அவள் சொன்னது அந்த முளையைத்தான். முளைத்திருந்தது ஒரு நெல்லளவுகூட இராது. மறுநாள் நெவிலின் திவசம். என் அண்ணை குடும்பம் வரப்போகிறது. அவர்களுக்கு முன்னால் அது தெரியக்கூடாது.

2

நெவில் இருந்தவரை பிள்ளையின் தலைக்கு நான் கிட்டப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் கிரிக்கெட்டைப் போட்டுவிட்டு, அவளைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இருத்தி, தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிவிடுவார். பஸ் ஸ்டியரிங் பிடித்துத் தடித்துப்போன கை அது. பிள்ளை அப்படியே தூங்கிவிடுவாள். நான் இறைச்சிக்கறியைக் கிண்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவர் வேலைக்குப் போகிற வழியில் மாரடைப்பு வந்து செத்துப்போனார். செத்தவீட்டுக்கு அண்ணை வரவில்லை. இதே நகரத்தின் மற்றக் கரையில், சட்டனில்தான் இருந்தார். வருவதற்கு ஒன்றரை மணித்தியாலம் போதும்.

அந்தத் துக்கத்துக்குள் பிள்ளையின் தலையை இரண்டு கிழமை யாரும் தொடவில்லை. பிறகு நான் சீப்பை எடுத்தேன். எங்களுக்குத் தெரிந்த வாரல் என்ன? காய்ந்த தலையில் உச்சியில் சீப்பை வைத்து இடுப்புவரை இழுப்பது. வராவிட்டால் நல்லெண்ணெயை ஊற்றி இன்னும் பலமாக இழுப்பது. சீப்பின் பல் உடைந்தது. பிள்ளை அலறின அலறலுக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வந்து கதவைத் தட்டினாள். நான் சீப்பும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தேன். கிழவி என்னையும் சீப்பையும் பார்த்த பார்வையில், பொலிசைக் கூப்பிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

நெவிலின் தங்கை மேவிஸ்தான் வந்து என்னை மாற்றினாள். பக்கத்தில் லேய்ட்டனில் இருந்தாள். நாக்கு நீளம், மனது நல்லது. "நீ சிக்கெடுக்கிறாயா, புல்லுப் பிடுங்குகிறாயா?" என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டுவிட்டுச் சொல்லித் தந்தாள். தலையை நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். நன்றாக ஈரமாக்க வேண்டும். வழுவழுப்பாக ஏதாவது பூச வேண்டும். முதலில் விரல், பிறகுதான் அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். அவள் சொன்ன வழுவழுப்புக்கு நான் ஊற வைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசினேன். மேவிஸுக்கே ஆச்சரியம், சிக்கு அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சமையலறையில் நின்று சிரித்தோம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். கறி மணக்குதாம். கறுப்புப் பிள்ளைகள் சொன்னார்களா, எங்கட பிள்ளைகள் சொன்னார்களா என்று கேட்டேன். "எல்லாரும்" என்றாள்.

பத்து வயதில் நேர் மயிர் கேட்டு நின்றாள். மேவிஸ் தன்னுடைய தலைக்குப் பூசுகிற பசையை இரண்டு மாதத்துக்கு ஒருக்கா எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து அவளுக்கும் பூசிவிடத் தொடங்கினாள்.

3

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மே மாதம் தாரணி பெரியபிள்ளையானாள். எங்கள் வழக்கப்படி முதலில் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும். பாலும் அறுகம்புல்லும் வைத்துப் பிள்ளையின் தலையில் முதல் தண்ணி வார்க்கிறவர் அவர்தான். நான் நெவிலைக் கட்டிய நாளிலிருந்து அண்ணை என்னோடு கதைக்கவில்லை. அதற்கு முதல் எப்படிப்பட்ட அண்ணை தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ரியூஷன் விட்டு வருகிற என்னை ஏற்றிப்போக, மழையென்றாலும் ஒழுங்கை முகப்பில் சைக்கிளோடு நிற்பார். எனக்கு வேறு ஆள் இல்லை. நெவில் போன பிறகு பிள்ளைக்கும் தகப்பன் பக்கத்தில் மேவிஸை விட்டால் ஆள் இல்லை. நான் செத்தால் இவளை யார் பார்ப்பது என்ற யோசனைதான் எனக்கு எந்த நேரமும். அண்ணை வந்து அவள் தலையில் ஒரு செம்புத் தண்ணி வார்த்துவிட்டால் போதும், அவள் அந்தக் குடும்பத்துப் பிள்ளை, இனி யாராலும் அதை இல்லையென்று சொல்ல ஏலாது. அப்படித்தான் நினைத்தேன்.

டெலிபோன் எடுத்தேன்.

"அண்ணை, நான் ராஜி. தாரணி பெரியபிள்ளையாகிட்டாள்."

பின்னால் டிவி ஓடுவது கேட்டது. பிறகு, "சரி. நாள் பாப்பம்" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு நான் படிக்கட்டில் இருந்து அழுதேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு பார்த்தோம். அதற்கு முதல் கிழமை பசை பூசினால் சடங்கன்று தலை புத்தம் புதிதாக இருக்கும் என்று மேவிஸ் கணக்குப் போட்டாள். அந்தக் கிழமையே அண்ணையின் மனைவியான மச்சாளின் தகப்பன் ஊரில் செத்துப்போனார். துடக்கு என்று தீட்டுக் காக்க வேண்டும். ஒரு மாதம் தள்ளினோம். பசையையும் தள்ளினோம். ஜூலையில் அண்ணை கடை திறந்தார், வர ஏலாது என்றார். பிறகு ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் யார் நல்ல காரியம் செய்வார்கள்? ஒவ்வொரு முறையும் கவுன்சில் மண்டபத்துக்குப் பதிந்த திகதியை மாற்ற நான் போய் வரிசையில் நிற்க வேண்டும். முதல் நாள் என்ன விசேஷம் என்று கேட்ட பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை போனபோது அவள் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, "உங்கள் மகள் இன்னும் பிறக்கவில்லையா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படித் தள்ளித் தள்ளி முளை வளர்ந்துகொண்டே போனது. ஒரு விரற்கடை, இரண்டு, கடைசியில் மூன்று. மேலே பஞ்சுக்கட்டுப்போல நெருக்கம், கீழே தும்புபோல நேர். கொஞ்சம் அவசரப்பட்டாலும் சந்தில் முறிந்து கையோடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கம்பளத்தில் ஒரு துவாயை விரித்து அவளை என் முன்னால் இருத்துவேன். ஈரமாக்கி, பூசி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து மேலே. சந்துக்கு வந்ததும் வேரடியை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், இழுவை தோலுக்குப் போகாமல். இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். அந்த இரண்டு மணித்தியாலமும் அவள் கதைத்துக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடத்துக் கோள், டீச்சரின் சப்பாத்து, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பது. மற்ற நாளெல்லாம் "ம்" என்பதற்கு மேல் என்னோடு பேச்சு இல்லை.

"மாமா என்னை என்ன எண்டு கூப்பிடுவார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பிள்ளை எண்டுதான்."

"அவருக்கு என்னைப் பிடிக்குமே?"

"ஏன் பிடிக்காது? தாய்மாமன்தானே. தலையை ஆட்டாதை."

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அந்த முளைக்குள் விரலை விட்டுப் பிரிக்கும்போது அது நெவிலின் தலை. அதே இறுக்கம், அதே மென்மை, ஈரம் பட்டதும் விரலைச் சுற்றிக்கொள்கிற அதே சுருள். அவர் போய் நாலு வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆடி முடியக்கூடாது என்றுகூட நினைத்திருக்கிறேன். அண்ணையும் வர வேண்டும், இந்த முளையும் இருக்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியக்கார ஆசை.

4

ஆவணியில் ஒரு ஞாயிறு முடிவானது. சனிக்கிழமை மேவிஸ் வந்து பசை பூசுவதாக ஏற்பாடு. நான் வெள்ளிக்கிழமை காலை என்ன செய்தேன்? நல்ல காரியத்துக்கு முதல் எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பிள்ளையை இருத்தி நல்லெண்ணெய் வைத்து, தேசிக்காயும் சீயக்காயும் போட்டு, நகத்தால் நன்றாகத் தேய்த்து முழுக வார்த்தேன். ரிலாக்சர் பூசுவதற்கு முதல் சில நாட்களுக்குத் தலையைக் கழுவவும் கூடாது, சொறியவும் கூடாது. தோலில் கீறல் இருந்தால் பசை அதற்குள் இறங்கி எரித்துவிடும். மேவிஸ் இதை எனக்குப் பலமுறை சொன்னவள்தான். முழுக்கு வேறு, கழுவல் வேறு என்று என் புத்தி நினைத்துக்கொண்டது.

சனிக்கிழமை மேவிஸ் தலையைப் பிரித்துப் பார்த்தாள். தோல் முழுக்கச் சிவந்திருந்தது. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"இந்தத் தலையில் நான் இதைப் பூச மாட்டேன். பிள்ளையைக் கொல்லவா?"

பிறகு வேறு வழியில்லாமல் இரும்புச் சீப்பை அடுப்பில் சூடாக்கி, மயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நேராக்கினாள். பின்னேரம் முழுக்க அந்த வேலைதான். முடிந்தபோது தாரணியின் மயிர் தோளுக்குக் கீழே பளபளவென்று விழுந்தது. கண்ணாடிக்கு முன்னால் அவள் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள். மேவிஸ் என்னைப் பார்த்து, "ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இதில் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். எல்லாம் திரும்பச் சுருண்டுவிடும்" என்றாள்.

தண்ணி வார்க்கிற சடங்குக்கு நாங்கள் தண்ணீர் படக்கூடாத தலையைத் தயார் செய்திருந்தோம். எனக்கு அப்போதுகூடப் பயம் வரவில்லை. வார்த்தால் சுருளும், சுருண்டால் என்ன, ஈரத்தோடு வாரிக் கொண்டை போட்டுப் பூ வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை அண்ணை வந்தார். தலை நரைத்துவிட்டது. வாசலில் நின்று, "எப்பிடி இருக்கிறாய்?" என்றார். உள்ளே கூட்டிப் போனேன். மச்சாள் காரிலிருந்து சடங்குத் தட்டுகளை இறக்கினா. வீடியோக்காரர் வயரை இழுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். அங்கே ஒரு பலகையைப் போட்டு, பெரிய வாளியில் வெந்நீரும் பாலும் அறுகும் வைத்திருந்தேன். மேவிஸ் சும்மா இருப்பாளா? மச்சாளிடம் தன்னுடைய கைவேலையைக் காட்டிப் பெருமைப்பட்டு, தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிட்டாள். மச்சாள் போய் அண்ணையின் காதுக்குள் ஏதோ சொன்னா. அண்ணை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"தண்ணி வார்க்கத் தேவையில்லை ராஜி. அறுகால தொட்டுத் தெளிச்சு விடுறன். அவ்வளவு காணும்."

"ஏன் அண்ணை? தண்ணி வார்க்காமல் இதென்ன சடங்கு?"

"வார்த்தால் தலை அந்தாளின்ர தலை மாதிரி வந்திடுமாம். வீடியோ கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போகப் போகுது. சனம் என்ன கதைக்கும்?"

"அந்தாள் எண்டு ஆரைச் சொல்லுறியள்? அவருக்குப் பேர் இருக்கு."

"இப்ப சண்டை பிடிக்கப் போறியே? நான் வந்திருக்கிறனெல்லே?"

எனக்கு வந்த கோபத்தில் வாளியைத் தூக்கி அவர் தலையில் ஊற்றியிருப்பேன். வாயைத் திறந்தேன். வெளியே போங்கோ என்றுதான் சொல்லப் போனேன். பின்னால் பட்டுப்பாவாடை சரசரத்தது. தாரணி கதவடியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. தமிழ் விளங்காத பிள்ளை என்று அண்ணை நினைத்திருக்க வேண்டும். திடுக்கிட்டுப் போனார்.

"பரவாயில்லை மாமா" என்றாள் தாரணி. "தெளிச்சாக் காணும்."

அவள் தன் மாமாவோடு கதைத்த முதல் கதை அதுதான். அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, பிள்ளை எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்குது!" என்று அவளுடைய கன்னத்தைத் தட்டினார்.

தெளித்தார். மூன்று துளி விழுந்திருக்கும். மச்சாள் உடனே லேஞ்சியால் ஒற்றி எடுத்தா. வாளித் தண்ணீர் அப்படியே ஆறிக் கிடந்தது. மண்டபத்தில் எல்லோரும் பிள்ளையின் தலைமயிரைப் புகழ்ந்தார்கள். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவள் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாகிவிட்டாள்.

5

தோல் ஆறியதும் தாரணி மேவிஸிடம் போய்ப் பசை பூசிக்கொண்டாள். மூன்று விரற்கடையும் ஒரே பின்னேரத்தில் போனது. நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் நாளைத் தள்ளியதே இல்லை. இரண்டு மாதம் ஆறு கிழமையானது. ஆறு கிழமை மாதமானது. மேவிஸ் மாட்டேன் என்றதும் தானே டப்பா வாங்கிக் கதவைப் பூட்டிக்கொண்டு பூசப் பழகினாள். காதுக்குப் பின்னால் புண் வந்து காய்ந்து திரும்ப வருகிறது. முன்நெற்றி மயிர் அரைவாசி கொட்டிவிட்டது. டாக்டர் நிற்பாட்டச் சொன்னார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் சட்டனில்தான். மாமா அவளைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார். தமிழ் என்னைவிடத் துப்புரவாகக் கதைக்கிறாள். மற்றத் தாய்மார் பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று அழுகிறார்கள். என்னிடம் வந்து, உங்களுக்கென்ன, குடுத்து வைச்சனீங்கள் என்கிறார்கள்.

ஒருநாள் கெஞ்சிக் கேட்டேன். "ஒரேயொருக்கா மூண்டு மாதம் பொறு அம்மா. நான் சிக்கெடுத்து விடுறன். நோகாமல் எடுப்பன், உனக்குத் தெரியும்தானே."

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. "உங்களுக்கு விளங்காது அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் மயிர் நேர் மயிர். எனக்கு விளங்காதுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை திவசத்துக்கு எல்லோரும் வந்தார்கள். செத்தவீட்டுக்கு வராத அண்ணை திவசத்துக்குத் தவறாமல் வருகிறார். நெவிலின் படத்துக்கு நான் மாலை போட்டேன், மேவிஸ் மெழுகுதிரி கொளுத்தி ஒரு செபம் சொன்னாள். சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள். சாப்பிட்ட பிறகு முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். தாரணி மச்சாளுக்கும் மேவிஸுக்கும் நடுவில் இருந்தாள். முதல்நாள் பூசிய தலை மினுங்கியது. காதுக்குப் பின்னால் இருந்த புண்ணை மறைத்து மயிரை முன்னுக்கு விட்டிருந்தாள்.

மச்சாள் படத்தை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தா. பிறகு தாரணியின் தலையைத் தடவினா. பாசத்தோடுதான் தடவினா, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"தகப்பன்ர சாயல் ஒரு பொட்டும் இல்லை. முழுக்க எங்கட பிள்ளை."

தாரணி சிரித்தாள். வெட்கப்பட்டு, கீழே பார்த்து, உண்மையான சந்தோஷத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கண்டு எத்தனையோ காலம்.

மேவிஸுக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தபடி தாரணியின் கையைத் தட்டி, "என்ன சொன்னாள்?" என்று கேட்டாள்.

நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சமும் தடுமாறாமல் அத்தையின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள்:

"நான் வடிவாக இருக்கிறேனாம், ஆன்ட்டி."